கரிய முனியப்பனுக்கு இரண்டு விநாடி

முகம்மது ஹனீப்புக்கு வேலை அடுத்தவர் கண்ணைப் பார்ப்பது. சங்ககிரியில் ஆனந்தகுமாரின் லாரி ஆபீசில் இருபத்திரண்டு வருடம் புக்கிங் கிளார்க்காக இருந்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவருக்கு எந்த ஊர் லோடு பிடிக்காது, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன வருடம் லோடு பிடிக்கிற வேலை முழுக்கச் செல்போனுக்குப் போய்விட்டது. ஹனீப் பாயை இனி எங்கே உட்காரவைப்பது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கேமரா வந்தது. வண்டிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, டிரைவரின் முகத்தைப் பார்த்தபடி. டிரைவர் கண்ணை மூடினால் அது கீச்கீச்சென்று கத்தும். கத்தியதோடு விடாது. அந்த முகத்தைப் பத்து விநாடிப் படமாக்கி ஆபீசுக்கும் அனுப்பிவைக்கும். அதைப் பார்த்து ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் இவர்.

தீர்ப்பு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். திரையில் இரண்டு பொத்தான். ஒன்றில் ‘தூக்கம்’ என்றிருக்கும், மற்றதில் ‘தூக்கம் இல்லை’ என்றிருக்கும். ஆறு மாதத்துக்குள் ஒருவருக்கு மூன்று ‘தூக்கம்’ விழுந்தால் அவர் பெயர் ஒரு பட்டியலுக்குப் போய்விடும். அந்தக் கேமராவை மாட்டியிருக்கும் முதலாளிகள் எல்லாருடைய போனிலும் அந்தப் பட்டியல் இருக்கும். ஒரு வருடத்துக்கு எவரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். சங்ககிரியில் இப்போது பாதி வண்டியில் அந்தக் கேமராதான். ஒருமுறை அமுக்கியதை மாற்றி அமுக்கவும் வழி கிடையாது. இருபத்து நாலு மணி நேரம் ஒன்றையும் அமுக்காமல் இருந்தால், தூக்கம் என்று இயந்திரமே எடுத்துக்கொள்ளும்.

முதல் வாரம் படத்தோடு சத்தமும் வந்தது. அதில்தான் வம்பு ஆரம்பித்தது. ஒரு டிரைவர் தன் மனைவியிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது அப்படியே ஆபீசுக்கு வந்துவிட, அங்கே இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹனீப்புக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தூக்கத்தைப் பிடிக்கத்தானே கேமரா, புருஷன் பெண்டாட்டி பேச்சைப் பிடிக்கவா என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. டிரைவர்கள் சார்பில் அவரே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். நாற்பத்தொரு கையெழுத்து. முதலாளியும் யோக்கியர், மறுவாரமே சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று டிரைவர்கள் ஹனீப் பாய்க்கு மாலை போடாத குறைதான்.

அதன் பிறகு வந்ததெல்லாம் ஊமைப் படங்கள்.

பச்சமுத்துவின் படங்கள் இரண்டு முதல் மாதத்திலேயே வந்தன. பச்சமுத்து ஆத்தூர்ப் பக்கமிருந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போகிறவர். பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தும் சாலையில் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு படத்திலும் கண்ணை மூடி, தலையைக் குனிந்திருந்தார். கழுத்துக்குக் கீழே கேமராவுக்குத் தெரியாது. ஹனீப்புக்கு அப்போது வேலை புதிது. கண் மூடியிருக்கிறது, தலை தொங்குகிறது, தூக்கம்தானே? அமுக்கினார். நாலு நாள் கழித்து இன்னொன்று. அதையும் அமுக்கினார்.

மூன்றாவதாக அதே மாதிரி ஒன்று வந்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மூன்று படமும் ஒரே இடத்தில் எடுத்தவை. ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம், கரிய முனியப்பன் கோயில் வளைவு. உடனே போன் போட்டார்.

“பச்சமுத்து, அந்த வளைவுக்கு வந்தா மட்டும் உனக்குத் தூக்கம் வருமாப்பா?”

“தூக்கமுங்களா? ஏனுங் பாய், சாமிக்குக் கும்பிடு போடறனுங்க. பாலத்துக்கிட்டயே ரெண்டு ஹாரன் குடுத்துப்போட்டு, கோயில் வந்ததும் ஒரு கையை எடுத்து நெஞ்சுல வெச்சுக் கண்ண மூடுவேன். பதினெட்டு வருசமா இப்படித்தானுங்க. அந்த ரோட்டுல எல்லா டிரைவரும் அப்படித்தான்.”

ஹனீப் அந்த மூன்றாவது படத்துக்குத் ‘தூக்கம் இல்லை’ என்று அமுக்கினார். ஹாரன் சத்தம் படத்தில் இருந்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். அந்தச் சத்தத்தை மனு எழுதி நிறுத்தியவர் அவரேதான். கும்பிட்ட மனிதனைத் தூங்கினான் என்று இரண்டு முறை எழுதியாகிவிட்டது. அழிக்கவும் முடியாது. அவருக்கு மட்டும் கோயில் குளம் தெரியாதா என்ன? சேலம் போகும் பஸ்ஸில் தர்காவைக் கடக்கும்போதெல்லாம் அவரும் கண்ணை மூடி ஒரு ஃபாத்திஹா ஓதுகிறவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது பயணி சீட்டில். அந்த வித்தியாசம் அன்று அவருக்குத் தோன்றவில்லை.

கேமரா கம்பெனியின் உதவி எண்ணில் சௌமியா என்றொரு பெண் பேசுவாள். கோயமுத்தூர்க்காரி, பொறுமைசாலி. அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். கோயிலைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிடலாம், அதற்குள் வண்டியில் கேமரா கத்தாது, சின்னச் சின்னக் கண்மூடலுக்குப் படமும் வராது என்றாள். “போடும்மா, புண்ணியமாப் போகும்” என்றார் ஹனீப்.

வட்டம் போட்ட செய்தி இரண்டே நாளில் டிரைவர்கள் செட்டு முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருவருக்கு வாழப்பாடி தாண்டி ஒரு மாரியம்மன். ஒருவருக்கு மாதா கோயில். அத்னான் என்கிற டிரைவருக்கு ஒரு தர்கா. மதனுக்குச் சாலையோரம் அவன் அப்பாவைப் புதைத்த இடம். இன்னொருவர் தன் மாமியார் வீட்டுக்கும் வட்டம் கேட்டார், அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க மாட்டாராம். மொத்தம் இருபத்தேழு வட்டம். எது சாமி, எது சாமி இல்லை என்று முடிவு செய்கிற வேலையும் ஹனீப் தலையில் விழுந்தது. மாமியாரைத் தள்ளினார். மதனின் அப்பாவைத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கு உண்டு, மாமியாருக்கு இல்லை என்பது என்ன சட்டம்?

கடைசியில் ஆனந்தகுமார் ஒரு விதி போட்டார். “பாய், சாமிக்கு ரெண்டு செகண்டு போதுமுங்க. அதுக்குள்ள கும்பிட முடியாதவன் வண்டிய நிறுத்திப்போட்டு எறங்கிக் கும்பிடட்டும். ரெண்டுக்கு மேல போச்சுன்னா வட்டமா இருந்தாலும் படம் வரட்டும், நீங்க பாருங்க.”

“ரெண்டுன்னு எப்படிக் கணக்குப் பண்ணினீங்க முதலாளி?”

“நான் ஊட்டுல கும்பிட்டுப் பார்த்தனுங்க” என்றார் ஆனந்தகுமார். சிரிக்கவில்லை. அவர் இரண்டு லாரி விபத்தைக் கண்ணால் பார்த்தவர், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்படியே நாலு மாதம் வண்டி ஓடியது. அந்தப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு ஹனீப்பின் திரையில் பச்சமுத்துவின் முகம் வந்து நின்றது. கரிய முனியப்பன் வட்டம். கண் மூடியிருந்த நேரம்: நாலு விநாடி.

ஹனீப் படத்தை ஓடவிட்டார். கண் மூடுகிறது. தலை மெதுவாகக் கீழே போகிறது. உதடு அசைகிறதா? அசைகிற மாதிரியும் இருந்தது, வண்டி குலுங்குகிற மாதிரியும் இருந்தது. நாலாவது விநாடியில் தலை வெடுக்கென்று நிமிர்கிறது. கும்பிட்டு முடித்தவனும் நிமிர்வான், தூங்கி விழித்தவனும் நிமிர்வான். பன்னிரண்டு தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தெரிந்தது. இன்னொரு ‘தூக்கம்’ விழுந்தால் பச்சமுத்துவுக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு இவர் கையால் நேர்ந்த பாவம்.

போன் போட்டார். “பச்சமுத்து, உண்மையைச் சொல்லு. கும்பிட்டியா, தூங்கினியா?”

“கும்பிட்டேன்னுதான் நெனைக்கிறனுங்க பாய்.”

“நெனைக்கிறேன்னா?”

“பாலம் ஞாபகம் இருக்குதுங்க. அப்பறம் ஹாரன் குடுத்தது ஞாபகம் இருக்குது. நடுவுல கோயிலப் பார்த்த ஞாபகம் இல்லீங்க. கண்ண மூடினா கோயில் எப்படித் தெரியும்? ஆனா மூடறதுக்கு முன்னாடி பார்த்திருக்கோணுமல்லோ… எனக்கே தெரியலீங்க பாய்.”

பொய் சொல்லத் தெரியாத மனிதனோடு மாரடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஹனீப்புக்கு அன்று தெரிந்தது. ‘கும்பிட்டேன் பாய், சத்தியம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருப்பார்.

சௌமியாவைக் கூப்பிட்டார். “ஏம்மா, ‘தெரியாது’ன்னு மூணாவதா ஒரு பட்டன் வைக்க முடியாதா?”

“கேட்டிருக்கோம் சார். அப்படி ஒண்ணு வெச்சா எல்லாரும் அதையேதான் அமுக்குவாங்கன்னு மேல சொல்லிட்டாங்க.”

“சரி, அன்னைக்கு அந்த இடத்துல ஹாரன் அடிச்சதா, இல்லையா? அதையாவது உங்க மிஷின் சொல்லுமா?”

“சத்தம் வேண்டாம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க. அந்த லெட்டர் இங்க ஃபைல்ல இருக்கு.” அவள் குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாகக் குத்தியது.

அன்று இரவு சேலத்து வீட்டில் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். மனைவி ரோஷன் பீவி என்ன ஏதென்று கேட்டு, முழுவதையும் கேட்டுவிட்டு, “ரெண்டு தடவ நீங்க தப்பா அமுக்கினீங்க. இப்ப ஒரு தடவ தப்பா விட்டுடுங்க, சரியாப் போச்சு” என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அவர் மனம்கூட லேசானது. பிறகு, அவள் ஒரு தவறை வைத்து இன்னொரு தவறை எடைபோடுகிறாள், தராசில் சாலையில் போகிறவர்கள் இல்லையே என்று பட்டது. அதைச் சொன்னதற்கு, “அப்ப அமுக்கிட்டு வாங்க, பாவம் பச்சமுத்துவோட பிள்ளைங்க” என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை அவர் சங்ககிரிக்குப் போகவில்லை. சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறி ராசிபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பத்து மணிக்குக் கரிய முனியப்பன் கோயில் வளைவில் இறங்கினார். நாலு மாதமாக வரைபடத்தில் வட்டமாகப் பார்த்த இடம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெரிய மீசையும் உருட்டிய விழியுமாக முனியப்பன் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் கண்ணையே மூடாதவர் இவர் ஒருவர்தான் என்று ஹனீப்புக்குத் தோன்றியது. அவர் நின்ற ஐந்து நிமிடத்தில் ஏழு லாரி போனது. ஏழும் பாலத்தருகே ஹாரன் அடித்தன. ஏழு டிரைவரும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள்.

கோயிலைத் தாண்டி அதே பக்கம் சாலையோரமாக ஒரு டீக்கடை. தகரக் கூரை, வெளியே மண்ணில் ஒரு பெஞ்சு. கடைக்காரி அத்தாயிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். டீ வாங்கிக்கொண்டு ஹனீப் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். நேற்று மத்தியானம் இரண்டே முக்கால் வாக்கில், பச்சை முகப்பு வைத்த லாரி, மக்காச்சோள லோடு…

“பச்சமுத்து வண்டிங்களா?” என்றாள் அத்தாயி. “தெனமும் இங்கதான டீ குடிக்கும். நேத்து நிக்கலீங்க.”

“ஹாரன் அடிச்சாரா?”

“அடிச்சாருங்க.” ஹனீப்புக்கு மூச்சு வந்தது. அவள் வடைச் சட்டியில் கரண்டியைப் போட்டுத் திருப்பினாள். “ஆனா வழக்கமா பாலத்துல அடிக்கும். நேத்து என்ற கடையத் தாண்டித்தான் அடிச்சுது. ஒரு சத்தமும் இல்லாம வண்டி வருதேன்னு எட்டிப் பார்க்கறேன், மண்ணுல எறங்கி ஏறிருச்சு. புழுதின்னா புழுதி, ஒரு தட்டு வடை வீணாப்போச்சுங்க. அப்பறமா அந்தக்கோடியில போயி ரெண்டு ஹாரன்.”

ஹனீப் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்ணில் டயர் தடம் இன்னும் அழியாமல் கிடந்தது. பெஞ்சின் காலுக்கும் தடத்துக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது. கோயில் வாசலுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து பெஞ்சு வரை எண்ணிக்கொண்டே நடந்தார். எழுபத்தெட்டு அடி எடுத்து வைத்தார், முக்கால் நிமிடம் பிடித்தது. வண்டி அதை நாலு விநாடியில் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறது.

அப்படியானால் தூக்கம்தான். தெளிவாகிவிட்டதல்லவா? ஆகவில்லை. அவர் தலைக்குள் இன்னொரு குழப்பம் கிளம்பியது. பச்சமுத்து அந்த நாலு விநாடியும் மனமுருகிக் கும்பிட்டிருந்தால் மட்டும் பெஞ்சுக்கு என்ன வித்தியாசம்? சக்கரத்துக்குத் தூக்கமும் தெரியாது, பக்தியும் தெரியாது. அப்படியானால் இரண்டு விநாடி சலுகை எதற்கு? அதில் வண்டி இந்தத் தூரத்தில் பாதி போகிறதே. அந்த ஏழு பேருக்கும் அல்லவா பொத்தானை அமுக்க வேண்டும்? கத்தியிருக்க வேண்டிய கேமராவை இந்த இடத்தில் கத்தாதே என்று வாயைக் கட்டியவர் யார்? அது கத்தியிருந்தால் ஒரு விநாடியிலேயே விழித்திருப்பானே! நல்லது என்று நினைத்து அவர் செய்த இரண்டும், சத்தத்தை நிறுத்தியதும் வட்டம் போட்டதும், இந்தப் பெஞ்சுக்கு இரண்டு முழம் பக்கத்தில் வந்து நின்றிருக்கின்றன.

அவர் முகத்தைப் பார்த்து அத்தாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஏனுங் பாய், நீங்க ஆபீசுக்காரருங்களா? அதைப் பத்தி எழுதப் போறீங்களா?”

“எழுதணுமாம்மா, வேண்டாமான்னுதான்…”

“எழுதாதீங்க சாமி. ஆருக்கும் ஒண்ணும் ஆவல. நான் உள்ள எண்ணெ காயவெச்சுட்டு இருந்தேன், பெஞ்சுல ஆளில்ல. அது நல்ல மனுசன். பொழப்பு போயிருமுங்க.” பிறகு, அவரைச் சமாதானப்படுத்துவது போல், “அதான் முனியப்பன் எழுப்பி உட்டுட்டாரல்லோ” என்றாள்.

அடிபட்டிருக்க வேண்டியவளே வேண்டாம் என்கிறாள். அவளுடைய மன்னிப்பை அமுக்கவும் திரையில் பொத்தான் கிடையாது. நாளைக்கு அந்தப் பெஞ்சில் உட்காரப்போகிற முகம் தெரியாத ஆள் சார்பில் மன்னிக்க அவளுக்குத்தான் உரிமை உண்டா? ஹனீப் வடைக்கும் சேர்த்துக் காசு வைக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கு அவர் ஆபீசுக்குள் நுழைந்தபோது பச்சமுத்து அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், கல்யாணத்துக்கு வந்தவர் போல. ஆனந்தகுமார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, “பாய், நீங்க என்ன அமுக்கினாலும் எனக்குச் சம்மதமுங்க. நான் பார்க்க வரல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மாதிரி சமயத்தில் முதலாளிகளுக்கு வருகிற பெருந்தன்மை ஹனீப்புக்குப் பழக்கமானதுதான். அன்று அது எரிச்சலாக இருந்தது.

அவர் பச்சமுத்துவிடம் எதையும் மறைக்கவில்லை. படத்தைக் காட்டினார். பச்சமுத்து தன் மூடிய கண்ணைத் தானே பார்ப்பது அதுதான் முதல் தடவை. வைத்த கண் வாங்காமல் பார்த்தார். “இது ஆருங்க, ஏதோ செத்த ஆளாட்ட இருக்குது” என்றார். பிறகு ஹனீப் அத்தாயி சொன்னதைச் சொன்னார். பாலத்தில் அடிக்காத ஹாரன், புழுதி, டயர் தடம்.

“பெஞ்சுங்களா?” என்றார் பச்சமுத்து. “எந்தப் பெஞ்சு? வெளிய போட்டிருக்கறதா?”

“அதேதான்.”

“அதுலதானுங்களே பாய் நான் உக்காருவேன். தெனமும்.” தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தாயி என்ன சொல்லுச்சுங்க?”

“எழுதாதீங்கன்னு சொல்லுச்சு.”

பச்சமுத்துவின் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். “மொதல் ரெண்டும் கும்பிட்டதுங்க பாய். அது சத்தியம். இது எனக்குத் தெரியல. நீங்க எதை அமுக்கினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“கேளேன்ப்பா! யாராவது என்னை ஏன்னு கேளுங்களேன்!” ஹனீப் கத்தியேவிட்டார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கடிகாரத்தில் இரண்டு முப்பத்திரண்டு. சும்மா இருந்தால் எட்டு நிமிடத்தில் இயந்திரமே தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். அப்படி விட்டுவிடலாம், பழி இயந்திரத்துக்குப் போகும் என்று ஒரு நிமிடம் அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசை வந்ததற்கே வெட்கப்பட்டார். முதலில் சௌமியாவைக் கூப்பிட்டு, இருபத்தேழு வட்டத்தையும் எடுத்துவிடச் சொன்னார். எல்லாத்தையுமா சார் என்றாள். எல்லாத்தையும் என்றார்.

பிறகு ‘தூக்கம்’ என்பதை அமுக்கினார்.

அதோடு முடியவில்லை. திரையில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது தடவைக்கு மட்டும் வரும் போலிருக்கிறது, இதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. ‘இது தூக்கம்தான் என்று உறுதியாகக் கூறுகிறீர்களா?’ கீழே ஆம், இல்லை. ‘இல்லை’ என்றால் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இத்தனை மாதத்தில் அந்த இயந்திரம் அவருடைய மனதைக் கேட்டது இந்த ஒரு தடவைதான். அதற்கும் அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ‘ஆம்’ என்று அமுக்கினார். பச்சைக் கலரில் ஒரு சரிக்குறி வந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனது.

பச்சமுத்து எழுந்து வண்டிக்குப் போய், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த முனியப்பன் படத்தைக் கிழியாமல் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். சாவியை மேசையில் வைத்தார். “மனசுல வெச்சுக்காதீங்க பாய். போயிட்டு வாரனுங்க” என்றார். ஹனீப் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தரை மணி பஸ்ஸில் முன்சீட்டுக் கிடைத்தது. டிரைவர் வயதானவர், நெற்றியில் திருநீறு. ஹனீப் எதையும் நினைக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். செய்தது சரியா? தெரியவில்லை. தவறா? அதுவும் தெரியவில்லை. அந்தப் பெஞ்சில் நாளைக்கு யாராவது உட்கார்ந்து டீ குடிப்பார்கள், அவ்வளவுதான் நிச்சயம். பச்சமுத்து அதில் உட்கார மாட்டார் என்பதும் நிச்சயம்.

தர்கா வந்தது. பச்சைக் கொடி தெரிந்ததும் பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார்.

ஒன்று, என்று எண்ணினார் ஹனீப். இரண்டு. இரண்டரை. டிரைவர் கண்ணைத் திறந்தார். பஸ் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொடி பின்னால் போய் மறைந்து, அடுத்த நிறுத்தமும் தாண்டிய பிறகுதான் ஹனீப்புக்கு நினைவு வந்தது. அன்று அவர் ஃபாத்திஹா ஓதவில்லை.